தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு இந்தி மரபுத்தொடர்களும் பழமொழிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லியில் தொடக்கப்பள்ளி வகுப்புகளுக்கு இந்தி கற்பிக்கிறேன். என் வகுப்புகளில் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளோடு, வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகளும் படிக்கிறார்கள். அந்தக் குழந்தைகளின் பெற்றோரும் புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்களும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே எழுப்புவதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வரிசைப்படுத்தி விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தித் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். மூச்சொலிகளும் மூக்கொலிகளும் இதில் சரியாகப் புலப்படா. அதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வியும் கீழே இருக்கிறது.

முஹாவரா, லோகோக்தி, கஹாவத் என்று மூன்று பெயர் சொல்கிறார்களே, மூன்றும் ஒன்றுதானா?

முஹாவரா என்பது நம் மரபுத்தொடர். ‘நௌ தோ க்யாரஹ் ஹோனா’ (ஓடி மறைதல்) என்பதைப் போல, பட்டியலில் அது பெரும்பாலும் ‘னா’ என்று முடியும் வினைப்பெயராக நிற்கும். தனியே சொன்னால் அது முழு வாக்கியமாகாது. வாக்கியத்துக்குள் வரும்போது காலத்துக்கும் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப வடிவம் மாறும். லோகோக்தி என்பது பழமொழி. ‘நாச் ந ஜானே ஆங்கன் டேடா’ (ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாள்) என்றால் அதிலேயே முழுக் கருத்தும் அடங்கிவிட்டது. சொல்லை மாற்றாமல் அப்படியே எடுத்தாள வேண்டும். கஹாவத் என்பது பழமொழிக்கு மக்கள் பேச்சில் வழங்கும் பெயர்.

‘பைன்ஸ் கே ஆகே பீன் பஜானா’ (எருமையின் முன் மகுடி ஊதுதல்) போன்ற சில தொடர்கள் இரண்டு பட்டியல்களிலும் இடம்பெறுவதுண்டு. அவற்றை எந்தப் பிரிவில் எழுதினான் என்பதற்காக ஒரு குழந்தையின் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமல்ல என்பது என் உறுதியான கருத்து.

எந்த வகுப்பில் தொடங்கலாம்? ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டால் நல்லதல்லவா?

காதில் விழச் செய்வதற்கு வயது வரம்பு கிடையாது. ஆனால் பாடமாக வைத்துப் பொருள் கேட்பதற்கு மூன்றாம் வகுப்பு வரை பொறுத்திருப்பது நல்லது. ஆறு, ஏழு வயதுக் குழந்தை சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும். ‘மேரே பேட் மே சூஹே கூத் ரஹே ஹைன்’ (என் வயிற்றில் எலிகள் குதிக்கின்றன) என்று சொன்னால், எலி எப்படி உள்ளே போயிற்று என்று கவலைப்படும். அந்த வயதில் அது இயல்பானதே.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் ஆசிரியர் தாமே மரபுத்தொடர்களை இடமறிந்து பேசினால் போதும். மதிய உணவு மணி அடிக்கும் முன் எலிகள் குதிப்பதைப் பற்றி நாள்தோறும் சொல்லுங்கள். விளக்கம் ஏதும் இல்லாமலேயே சில வாரங்களில் குழந்தைகள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பருவத்தை ஆயத்த நிலை என்று பிரிக்கிறது. ஒரு சொல்லுக்கு நேர்ப்பொருளும் உட்பொருளும் இருக்கலாம் என்பதைக் குழந்தை ரசிக்கத் தொடங்குவதும் அந்தப் பருவத்தில்தான்.

பள்ளியில் நீளமான பட்டியல் கொடுத்துவிட்டார்கள். பொருளோடு மனப்பாடம் செய்ய வைத்துவிடலாமா?

மனப்பாடம் செய்தால் வாரத் தேர்வில் எழுதிவிடுவாள். அடுத்த மாதம் கேட்டால் ‘கான் பர்னா’வின் பொருளை ‘கான் கடே ஹோனா’வுக்கும், அதன் பொருளை இதற்கும் மாற்றிச் சொல்வாள். முன்னது ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கோள் சொல்லி மனத்தைக் கெடுப்பது. பின்னது ஏதோ ஒலி கேட்டு உஷாராவது. இரண்டும் காதைப் பற்றியவை. பட்டியலில் பெரும்பாலும் அடுத்தடுத்த வரியில் வருபவை. நிகழ்ச்சியோடு சேராமல் பொருள் மட்டும் மனத்தில் பதிந்தால் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க முடியாது.

ஒரு தொடரை முதலில் அது பயன்படும் சூழலில் கேட்க வேண்டும், பிறகு பொருளை ஊகிக்க வேண்டும், அதன்பின் தானே சொல்லிப் பார்க்க வேண்டும், எழுதுவது கடைசியில்தான். இந்த வரிசையில் வாரத்துக்கு மூன்று, நான்கு தொடர்களுக்கு மேல் போக முடியாது, போகவும் வேண்டாம். பள்ளி தந்த பட்டியலை நீங்கள் மாற்ற முடியாவிட்டாலும், அதை உறுப்பு வாரியாகப் படிக்காமல் சூழல் வாரியாகப் பிரித்துக்கொள்ள உங்களால் முடியும். கோபத்துக்கு உரியவை ஒரு நாள், பயத்துக்கு உரியவை இன்னொரு நாள் என்று எடுத்தால் ஒரு காது இன்னொரு காதோடு குழம்பாது.

முதலில் எந்தத் தொடர்களை எடுப்பது?

உடம்பால் செய்து காட்டக்கூடியவற்றை எடுங்கள். ‘முஹ் மே பானீ ஆனா’ நமக்கு நாவூறுவது. ஜிலேபிப் பொட்டலத்தைப் பிரித்தால் விளக்கமே தேவையில்லை. ‘அங்கூட்டா திகானா’ என்பது கட்டைவிரலைக் காட்டுவது, அதாவது கடைசி நேரத்தில் கைவிரிப்பது. இரண்டு குழந்தைகளை நிறுத்தி, ஒருவன் பென்சில் கேட்க மற்றவன் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினால் வகுப்பே புரிந்துகொள்ளும். கைபேசியில் கட்டைவிரல் படம் பாராட்டைக் குறிப்பதால், இந்தத் தலைமுறைக் குழந்தைகள் இதைப் பாராட்டு என்று எழுதிவிடுகிறார்கள். நடித்துப் பார்த்த குழந்தைக்கு அந்தத் தவறு நேராது.

அடுத்ததாகச் சமையலறை. பருப்பில் கறுப்பாக ஏதோ கிடப்பதைச் சொல்லும் ‘தால் மே குச் காலா ஹோனா’ சந்தேகத்தையும், அப்பளம் தேய்ப்பதைச் சொல்லும் ‘பாபட் பேல்னா’ படாத பாடு படுவதையும் குறிக்கும். ‘நௌ தோ க்யாரஹ் ஹோனா’வில் படம் ஏதும் இல்லை, ஒன்பதும் இரண்டும் பதினொன்று என்ற கூட்டல் கணக்குதான் இருக்கிறது. ஆனாலும் குழந்தைகளுக்கு அது மிகவும் பிடித்துவிடுகிறது. எனவே அதைப் பின்னுக்குத் தள்ள வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் தமிழ்தான். தமிழ்ப் பழமொழியோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளை குழம்பிவிட மாட்டானா?

குழம்ப மாட்டான், தயங்காமல் சொல்லுங்கள். தமிழ் வீட்டுக் குழந்தைக்கு உள்ள மிகப் பெரிய வசதியே இதுதான். ‘நாச் ந ஜானே ஆங்கன் டேடா’ என்றால் ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாள் என்று பொருள். நம் பாட்டிமார் ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பார்கள். ‘அத்ஜல் ககரீ சல்கத் ஜாயே’ அரைக்குடம் தளும்புவதைச் சொல்கிறது; நம்மிடம் ‘குறைகுடம் கூத்தாடும்’ இருக்கிறது. ‘ஆங்கோ மே தூல் ஜோங்க்னா’ என்பது கண்ணில் மண்ணைத் தூவுவதேதான். கையில் அணிந்த வளையலைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்று கேட்கும் ‘ஹாத் கங்கன் கோ ஆர்ஸீ க்யா’வும், கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்ற நம் கேள்வியும் ஒரே கருத்தைச் சொல்பவை. அவர்கள் வளையலைக் காட்டும் இடத்தில் நாம் புண்ணைக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

கருத்து ஒன்றாகவும் காட்சி வேறாகவும் இருப்பவை இன்னும் சுவையானவை. ‘ஊண்ட் கே முஹ் மே ஜீரா’ ஒட்டகத்தின் வாயில் சீரகம் போடுவதைச் சொல்கிறது. நாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி என்கிறோம். ‘பந்தர் க்யா ஜானே அத்ரக் கா ஸ்வாத்’ குரங்குக்கு இஞ்சியின் ருசி தெரியுமா என்று கேட்கிறது. நாம் கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கேட்கிறோம். தொலைவிலிருந்து கேட்கும் முரசொலி இனிமை என்ற ‘தூர் கே டோல் சுஹாவ்னே’வுக்கு நம் இக்கரைக்கு அக்கரை பச்சை ஈடாக நிற்கும். ‘ஹோன்ஹார் பிர்வான் கே ஹோத் சிக்னே பாத்’ என்றால் நன்கு வளரப்போகும் செடியின் இலைகள் தொடக்கத்திலேயே பளபளக்கும் என்பது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று குழந்தையே பதில் சொல்லிவிடுவான். ஒட்டகம் இருக்கும் நிலத்தில் ஒட்டகமும், யானையை அறிந்த நிலத்தில் யானையும் பழமொழிக்குள் வந்திருப்பதை ஒன்பது வயதுக் குழந்தை தானே கண்டுபிடித்துச் சொல்லும்போது, மொழிப் பாடம் அதன் முழுப் பயனைத் தந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இணை என்று சொல்லும்போது பொருள் முழுதும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ‘ஜிஸ்கீ லாட்டீ உஸ்கீ பைன்ஸ்’ (எவன் கையில் தடியோ அவனுக்கே எருமை) என்பதற்கு நம் ‘தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன்’ என்பதை இணையாகச் சொல்பவர்கள் உண்டு. தடி இரண்டிலும் இருக்கிறது. ஆனால் இந்தியில் வலியவன் பிறர் பொருளைப் பறிக்கிறான். தமிழில் தகுதியற்றவன் அதிகாரம் செலுத்துகிறான். குழந்தையிடம் ‘கிட்டத்தட்ட இதுபோல’ என்று சொல்லி, எங்கே வேறுபடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

தமிழில் இருப்பது போலவே இருந்தும் பொருள் வேறாக இருப்பவை உண்டா?

உண்டு. முந்தைய விடையில் சொன்ன வசதி வழுக்கும் இடம் இதுதான். தமிழில் ஒருவரைக் கைகழுவி விட்டான் என்றால், தானாகவே விலகிக்கொண்டான், பொறுப்பை உதறிவிட்டான் என்று பொருள். இந்தியில் ‘ஹாத் தோ பைட்னா’ என்றால் இழந்துவிடுவது. ‘லாபர்வாஹீ ஸே வஹ் அப்னீ கடீ ஸே ஹாத் தோ பைட்டா’ என்ற வாக்கியத்தில், கவனக்குறைவால் அவன் தன் கைக்கடிகாரத்தைப் பறிகொடுத்தான். அவன் விரும்பி அதை விடவில்லை. ‘ஹாத் தோகர் பீச்சே பட்னா’ என்பதிலும் கை கழுவுதல் இருக்கிறது. பொருளோ நேர் எதிரானது: விடாமல் துரத்துவது. ‘பஹ்தீ கங்கா மே ஹாத் தோனா’ ஓடுகிற கங்கையில் கை கழுவுவது. அது கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்வது, நம் ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ளுக்கு அருகில் வருவது. இந்த மூன்றையும் ஒரே நாளில், மூன்று சிறு நிகழ்ச்சிகளோடு எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் தமிழ்ப் பொருள் உள்ளே நுழைந்துவிடும்.

இதே வகையில், நாம் கண் காட்டுவது சைகை செய்வது. ‘ஆங்க் திகானா’ முறைத்து மிரட்டுவது. நமக்கு ஒன்று தண்ணீர் பட்ட பாடு என்றால் அது மிக எளிது. ‘பானீ பானீ ஹோனா’ வெட்கத்தால் கூனிக் குறுகுவது. நம் பேச்சில் முட்டாளுக்கு உவமையாவது கழுதை. இந்தியில் ஆந்தையும் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. ‘உல்லூ பனானா’ என்றால் ஏமாற்றுவது.

பொருள் சரியாகச் சொல்கிறாள், ஆனால் ‘வாக்ய மே ப்ரயோக்’ (வாக்கியத்தில் அமைத்து எழுதுதல்) கேட்டால் மதிப்பெண் போய்விடுகிறது. என்ன செய்வது?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. தவறுகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் நிகழ்கின்றன. முதலாவது, தொடரைப் பட்டியலில் உள்ள வடிவத்திலேயே வாக்கியத்தில் ஒட்டிவிடுவது. ‘சோர் நௌ தோ க்யாரஹ் ஹோனா’ என்பது வாக்கியமல்ல. திருடன் என்றால் ‘ஹோ கயா’, பூனை என்றால் ‘ஹோ கயீ’, எலிகள் என்றால் ‘ஹோ கயே’ என்று முடிய வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன வேறுபாடு இங்கேதான் பயன்படுகிறது.

இரண்டாவது, வினை எதோடு இயைகிறது என்பது. ஒரு சிறுவன் தன்னைப் பற்றி எழுதுவதால் ‘முஜே நானீ யாத் ஆ கயா’ என்று ஆண்பாலில் முடிக்கிறான். கணக்கு வினாத்தாளைப் பார்த்துத் திண்டாடியது அவன்தான் என்றாலும், அந்தத் தொடரில் நினைவுக்கு வருபவள் நானீ, அதாவது அம்மாவின் அம்மா. ஆகவே ‘ஆ கயீ’தான் சரி. தமிழில் ‘எனக்குப் பசி வந்தது’ என்னும்போது வினை ‘நான்’ என்பதோடு சேராமல் ‘பசி’யோடு சேர்வதைக் காட்டினால் நம் குழந்தைகளுக்கு உடனே பிடிபடும். ‘ஸேனா நே துஷ்மன் கே தாந்த் கட்டே கர் தியே’ (படை எதிரியை மண்ணைக் கவ்வ வைத்தது) என்ற வாக்கியத்தில் ஸேனா பெண்பால், ஒருமை. ஆனால் எழுவாயோடு ‘நே’ என்ற உருபு வந்துவிட்டதால் வினை எழுவாயை விட்டு, புளிக்கவைக்கப்பட்ட பற்களோடு இயைகிறது. தாந்த் ஆண்பால், பன்மை. ஆகவே ‘கர் தியே’. மாறாக, ‘மீனா அப்னீ தாதீ கீ ஆங்க் கா தாரா ஹை’ (மீனா தன் அப்பாவின் அம்மாவுக்குச் செல்லக் குழந்தை) என்பதில் மீனா பெண் குழந்தை என்பதற்காக ‘கா தாரா’வைத் ‘கீ தாரீ’ ஆக்கக் கூடாது. கண்ணின் விண்மீன் யாரைக் குறித்தாலும் ஆண்பாலாகவே நிற்கும்.

மூன்றாவது தவறு இலக்கணப் பிழையே இல்லாத வாக்கியம். ‘ராம் நௌ தோ க்யாரஹ் ஹோ கயா’ என்று எழுதினால் குழந்தைக்குப் பொருள் தெரியும் என்பதற்கு அதில் சான்று இல்லை. ‘புலிஸ் கோ தேக்கர் சோர் நௌ தோ க்யாரஹ் ஹோ கயா’ (போலீசைப் பார்த்ததும் திருடன் ஓடி மறைந்தான்) என்றால் காரணம் வந்துவிட்டது. மரபுத்தொடரை விரலால் மறைத்துவிட்டு மீதி வாக்கியத்தைப் படிக்கச் சொல்லுங்கள். மறைந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று இன்னொருவரால் ஊகிக்க முடிந்தால் வாக்கியம் நன்றாக இருக்கிறது. பழமொழிக்கு இந்த முறை வேறு: ஒரு நிகழ்ச்சியை ஓரிரு வாக்கியங்களில் சொல்லி, ‘இஸீ கோ கஹ்தே ஹைன்’ (இதைத்தான் சொல்கிறார்கள்) என்று தொடுத்து, பழமொழியை மாற்றாமல் முடிக்க வேண்டும்.

என் பிள்ளை மரபுத்தொடருக்கு நேர்ப்பொருளில் படம் வரைந்து சிரிக்கிறான். தடுக்க வேண்டுமா?

தடுக்காதீர்கள். குதிரைகளை விற்றுவிட்டு உறங்கும் ‘கோடே பேச்கர் சோனா’வுக்குச் சந்தையும் பணமூட்டையும் வரைந்த குழந்தை, கவலையற்ற ஆழ்ந்த உறக்கம் என்ற பொருளை மறக்காது. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் சொல் காட்டும் படம், மறுபக்கம் சொல்லவரும் செய்தி என்று இரண்டையும் வரையச் சொல்லுங்கள். இரண்டாவது படம் வந்துவிட்டால் பொருள் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்குமா? கதை சொல்லியே நடத்திவிடலாமா?

சிலவற்றுக்கு உண்டு. ‘பந்தர் பாண்ட்’ என்றால் குரங்கின் பங்கீடு. ரொட்டிக்காகச் சண்டையிட்ட இரண்டு பூனைகளுக்குப் பங்கு பிரிப்பதாகச் சொல்லி, தராசின் இரு தட்டுகளையும் சமன் செய்கிறேன் என்று மாறி மாறிக் கடித்து முழுவதையும் தின்ற குரங்கின் கதை நம் குழந்தைகளுக்கு அப்பக் கதையாக முன்பே தெரியும்.

தில்லியில் வாழும் குழந்தைக்கு ‘அபீ தில்லீ தூர் ஹை’ தன் ஊரின் பழமொழி. வேலை முடிய இன்னும் நெடுந்தொலைவு இருக்கிறது என்பது இன்றைய பொருள். சூஃபி ஞானி நிஜாமுத்தீன் ஔலியாவோடு பகைகொண்ட சுல்தான் கியாசுத்தீன் துக்ளக், வங்காளப் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில், தான் வருவதற்குள் தில்லியைவிட்டு வெளியேறுமாறு அவருக்குச் சொல்லியனுப்பினார் என்றும், அதற்கு ஞானி பாரசீகத்தில் ‘ஹனோஸ் தில்லீ தூர் அஸ்த்’ (தில்லி இன்னும் தொலைவில் இருக்கிறது) என்று விடையளித்தார் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். சுல்தான் தலைநகரை எட்டவில்லை. 1325ஆம் ஆண்டில், வரவேற்புக்காக அமைத்த மரமண்டபம் சரிந்து இறந்தார். துக்ளகாபாத் கோட்டையும் நிஜாமுத்தீன் தர்காவும் இன்றும் அதே நகரில் இருப்பதால், இந்தத் தொடரைக் கற்பிக்க ஒரு விடுமுறை நாள் உலாவைவிடச் சிறந்த வழி இல்லை.

ஆனால் கதை இல்லாத இடத்தில் கதை கட்ட வேண்டாம். எந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்று கைபேசியில் சுற்றிவரும் விளக்கங்களை வரலாறாகச் சொல்லிவிட்டால் குழந்தை அதை ஆண்டுக்கணக்கில் சுமந்துகொண்டிருக்கும். கற்பனையாகச் சொல்வதென்றால் கற்பனை என்றே சொல்லிவிடுங்கள்.

கோஸ், ஆர்ஸீ, சுஹாகா போன்ற பழைய சொற்களும், ‘ஹோத்’, ‘சல்கத்’ போன்ற வடிவங்களும் வருகின்றன. எப்படி விளக்குவது?

பொருளை நேரில் காட்ட முடிந்தால் காட்டுங்கள். ‘நௌ தின் சலே அடாயீ கோஸ்’ ஒன்பது நாள் நடந்து இரண்டரை கோஸ் கடந்ததைச் சொல்லி, மந்தகதியைக் கேலி செய்கிறது. ஒரு கோஸ் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். முகலாயர் காலத்து நெடுஞ்சாலைகளில் கோஸுக்கு ஒன்றாக நிறுத்திய தூண்களுள் ஒன்று தில்லி விலங்குக் காட்சிச் சாலைக்குள்ளேயே நிற்கிறது. புலியைப் பார்க்கப் போகும் குழந்தை அதையும் பார்த்துவிட்டு வரலாம். ஆர்ஸீ என்பது பெண்கள் கட்டைவிரலில் அணிந்த, சிறு கண்ணாடி பதித்த மோதிரம். சுஹாகா வெண்காரம்; பொற்கொல்லர் பொன்னை உருக்கிச் சுத்தம் செய்யவும் பற்றவைக்கவும் பயன்படுத்துவது. அதை அறிந்தால்தான், நல்லதோடு நல்லது சேர்வதைக் குறிக்கும் ‘சோனே பர் சுஹாகா’ விளங்கும்.

‘அப் பச்தாயே ஹோத் க்யா, ஜப் சிடியா சுக் கயீ கேத்’ (குருவிகள் வயலைக் கொத்தித் தின்ற பின் வருந்தி என்ன பயன்) என்பதில் வரும் ‘ஹோத்’ பள்ளி இந்தியில் ‘ஹோதா’ என்றிருக்கும். பிரஜ், அவதி போன்ற வட்டார மொழிகளின் வடிவங்கள் பழமொழிகளில் தங்கிவிட்டன. குழந்தை அதைத் ‘திருத்தி’ எழுதினால் பழமொழியின் ஓசை கெட்டுவிடும். பழைய வடிவத்தை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கலாமா?

இந்தி எழுத்து இன்னும் கைவராத பெற்றோர் தமக்கென எழுதிவைத்துக்கொள்ளலாம். குழந்தை அப்படிப் படிக்கக் கூடாது. தமிழ் எழுத்தில் ‘கடீ’ என்று எழுதினால் கைக்கடிகாரமா, நின்றுகொண்டிருப்பவளா என்று தெரியாது. இந்தியில் அவை வெவ்வேறு எழுத்துகள். ‘கானா’ என்பது உண்பதாகவும் இருக்கலாம், பாடுவதாகவும் இருக்கலாம். ‘கான் கானா’ (ஓயாமல் பேசித் தொணதொணத்தல்) என்பதைப் பாட்டு என்று புரிந்துகொண்ட குழந்தைகள் உண்டு. மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் எழுத்துகளை, உள்ளங்கையை வாயருகே வைத்துக் காற்றுப் படுகிறதா என்று பார்த்துப் பழகச் சொல்லுங்கள்.

கற்றுக்கொண்டதைப் பெரியவர்களிடம் சொல்லிச் சங்கடப்படுத்திவிடுகிறாள். எப்படித் திருத்துவது?

பொருளோடு சேர்த்து, அதை யாரிடம் சொல்லலாம் என்பதையும் கற்பிக்க வேண்டும். நெடுநாள் கழித்து வந்த அத்தையிடம் ‘ஆப் தோ ஈத் கா சாந்த் ஹோ கயீன்’ என்று சொன்னால் அத்தை மகிழ்ந்துபோவார். ஈத் பிறையைப் போல அரிதாகத் தென்படுகிறீர்களே என்ற அன்பான குறை அது, நம் அத்தி பூத்தாற்போல. அதே குழந்தை கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத தாத்தாவிடம் ‘ஆப்கே கான் பர் ஜூ தக் நஹீன் ரேங்தீ’ (உங்கள் காதில் பேன்கூட ஊர்வதில்லை) என்றால், ‘ஆப்’ என்ற மரியாதைச் சொல் இருந்தும் அது மரியாதைக் குறைவுதான். குறிப்பேட்டில் ஒவ்வொரு தொடருக்கும் பக்கத்தில் ‘யாரிடமும் சொல்லலாம்’, ‘நண்பர்களிடம் மட்டும்’, ‘கதையில் மட்டும்’ என்று ஒரு குறிப்பு எழுதிவைக்கும் பழக்கம் நன்கு பயன் தருகிறது.

சாதியையும் உடற்குறையையும் வைத்துச் சொல்லும் பழமொழிகள் பாடப் பட்டியலில் வருகின்றனவே, அவற்றையும் கற்பிக்க வேண்டுமா?

தொடக்கப்பள்ளியில் நான் அவற்றைக் கற்பிப்பதில்லை. ‘கஹான் ராஜா போஜ், கஹான் கங்கூ தேலீ’ 11ஆம் நூற்றாண்டில் மாளவத்தை ஆண்ட போஜராஜனை உயர்த்த, எண்ணெய் ஆட்டுபவரைத் தாழ்த்துகிறது. ‘அந்தோ மே கானா ராஜா’ பார்வையற்றோரையும் ஒரு கண் பார்வை உடையவரையும் உவமையாக்குகிறது. அந்தத் தொழிலைச் செய்த குடும்பத்துக் குழந்தையோ, தடித்த கண்ணாடி அணிந்த குழந்தையோ முன் வரிசையில் அமர்ந்திருக்கும்போது, இந்தத் தொடரை உரக்கச் சொல்லிப் பயில வைக்க எந்தத் தேவையும் இல்லை. இந்தியில் நல்ல பழமொழிகளுக்குப் பஞ்சமில்லை.

இது இந்திக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. முதல் விடையில் வந்த எருமை முன் மகுடி ஊதும் தொடருக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் இணை, செவிடன் காதில் ஊதிய சங்கு. அதை மேலே இணைகளின் வரிசையில் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அச்சிட்ட பாடத்தில் இப்படிப்பட்ட தொடர் வந்தே தீருமானால், பழங்காலத்தில் மனிதரைப் பிறப்பாலும் உடலாலும் அளந்த பழக்கம் இதில் தங்கியிருக்கிறது, நாம் இப்படிப் பேசுவதில்லை என்று நேராகச் சொல்லிக் கடந்துவிடுங்கள். பத்து வயதுக் குழந்தைக்கு அது நன்றாகவே புரியும்.

எனக்கே இந்தி அரைகுறைதான். வீட்டில் நான் என்ன செய்ய முடியும்?

ஒரு தொடரின் பொருளைக் குழந்தையிடம் தமிழில் கேளுங்கள். அது எப்போது பயன்படும் என்று ஒரு நிகழ்ச்சி சொல்லச் சொல்லுங்கள். பிறகு உங்கள் அம்மா, மாமியார் ஆகியோர் பேச்சில் அதற்கு இணையாக என்ன சொல்வார்கள் என்று தேடிப் பாருங்கள். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது தாத்தா பாட்டியிடமே குழந்தை கேட்கட்டும். இந்தி வாக்கியத்தின் பிழையை உங்களால் திருத்த முடியாவிட்டால் அதை வகுப்பாசிரியருக்கு விட்டுவிடலாம்.

வீட்டில் செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. பால்காரர், காய்கறி வண்டிக்காரர், பக்கத்து வீட்டு தாதீ எல்லோரும் நாள் முழுதும் மரபுத்தொடர்களில்தான் பேசுகிறார்கள். அவர்கள் பேச்சில் குழந்தை புதிதாகக் கேட்ட தொடரை, யார் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்ற குறிப்போடு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பள்ளிப் பட்டியலில் இல்லாத தொடர்கள் அப்படித்தான் என் வகுப்புக்கு வந்து சேர்கின்றன. அவற்றைக் கொண்டுவரும் குழந்தைதான் அன்று கரும்பலகையில் எழுதி வகுப்புக்கு விளக்குகிறது.